போதும் என்று சொல்லும் இடம்

பொன்னைக் கொடுத்தாலும் பொருளைக் கொடுத்தாலும் வாங்குகிறவன் வாயிலிருந்து 'போதும்' என்ற சொல் வராது. சோறு போட்டால்தான் அந்தச் சொல் வரும் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அன்னமிடுதலின் பெருமையைச் சொல்ல வந்த வழக்கு இது. ஆனால் அதற்குள் வேறொரு நம்பிக்கையும் அடங்கிக் கிடக்கிறது. மனிதனின் மற்ற ஆசைகளுக்கு எல்லை இல்லாதிருக்கலாம். வயிற்றுக்கு மட்டும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையை வயிறே அறிவித்துவிடும் என்பதே அது. ஐம்பத்தெட்டு வயது வரை நாமும் அவ்வாறே நம்பியிருந்தோம். நம் வயிறு அதுவரை அறிவித்த எதையும் நாம் காதில் வாங்கியதில்லை என்பது அறுவை மேசைக்குப் போய் மீண்ட பிறகே தெரிந்தது.

2019-ஆம் ஆண்டு, மதுரையில் ஒரு மருத்துவமனையில் நமது இரைப்பையின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. ('நாம்' என்று எழுதுவது எழுத்து வழக்கு, கத்தி பட்டது ஒரே ஒரு வயிற்றில்தான்.) எடை அப்போது 131 கிலோ. சர்க்கரை நோய் பன்னிரண்டு ஆண்டுகளாக உடனிருந்தது. முழங்கால்கள் கோவில் படி ஏற மறுத்தன. இரவில் மூச்சு அடைத்து எழுந்து உட்கார்ந்து, விடியும் வரை சுவரில் சாய்ந்திருந்த நாள்கள் பல. உடற்பயிற்சி, பட்டினி, மூலிகைப் பொடி எல்லாவற்றையும் முயன்று, இழந்த எடையை வட்டியோடு திரும்பப் பெற்ற பின்னரே அந்த முடிவுக்கு வந்தோம்.

எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை பல வகைப்படும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்னும் மருத்துவர் 1966-இல் தொடங்கிவைத்த முறையில், இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கி அதைச் சிறுகுடலோடு நேரே இணைத்துவிடுவார்கள். இன்று அவ்வாறு செய்யப்படும் பை ஏறத்தாழ 30 மில்லி லிட்டர் அளவுதான் கொள்ளும். நமக்குச் செய்தது வேறு முறை. இரைப்பையின் வெளி வளைவை ஒட்டி நான்கில் மூன்று பங்கை வெட்டி நீக்கிவிட்டு, எஞ்சியதை வாழைப்பழம் போன்ற ஒரு குழாயாகத் தைத்துவிட்டார்கள். முன்பு ஒரு லிட்டருக்கு மேல் விரிந்து கொடுத்த பை, இப்போது ஒரு சிறு தம்ளர் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

வீடு திரும்பும் நாளில் உணவியல் நிபுணரான ஓர் இளம்பெண் நம் கட்டில் அருகே உட்கார்ந்து விதிகளைச் சொன்னார். முதல் வாரங்களில் நீராகாரம் மட்டும், பிறகு குழைத்தது, பிறகு மென்மையானது, இரண்டு மாதம் ஆனபின் மெல்ல மெல்லச் சோறு. பருப்பு, முட்டை, மீன் முதலில், சோறு கடைசியில். உண்ணும்போது தண்ணீர் கூடாது. உண்டு அரை மணி கழித்தே குடிக்க வேண்டும். ஒவ்வொரு வாயும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுதும். இவற்றையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக, "வயிறு நிறைஞ்ச முதல் அடையாளம் தெரிஞ்சதும் நிறுத்திடணும் சார்" என்றார். அந்த முதல் அடையாளம் எது என்று கேட்டோம். "அது ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாதிரி இருக்கும். நீங்களேதான் கண்டுபிடிக்கணும்" என்றார்.

ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று கணக்கிட்டால், அன்றுவரை நாம் அறுபதாயிரம் முறைக்குக் குறையாமல் உண்டு எழுந்திருக்கிறோம். அத்தனை முறையும் எதை வைத்து எழுந்தோம் என்று அந்தக் கட்டிலில் கிடந்தபடி யோசித்துப் பார்த்தோம். பந்தி முடிந்ததால் எழுந்தோம். பள்ளிக்கூட மணி அடித்ததால் எழுந்தோம். குழம்பு தீர்ந்ததால் எழுந்தோம். மூச்சு முட்டியதால் எழுந்தோம். வயிறு சொன்னதால் எழுந்தோம் என்று ஒரு வேளையைக்கூட நினைவிலிருந்து எடுக்க முடியவில்லை.

அடையாளம் மூன்றாம் மாதத்தில் அகப்பட்டது. ஒரு காலை, அவித்த முட்டையின் வெள்ளைக்கருவும் பாதி இட்டிலியும் தின்று முடித்த வேளையில் நெஞ்செலும்புக்குக் கீழே யாரோ கட்டைவிரலை வைத்தது போன்ற ஒரு மெல்லிய அழுத்தம். உடனே காரணமின்றி மூக்கில் நீர் ஒழுகியது. ஒரு நீண்ட மூச்சு தானாக வெளிப்பட்டது. சளி பிடித்துவிட்டது போலும் என்று எண்ணி அடுத்த விள்ளலை வாயில் போட்டோம். அந்த விள்ளல் இறங்கவில்லை. நெஞ்சுக்குள் கல் ஒன்று நின்றது. வாயெல்லாம் எச்சில் நுரைத்தது. இடது தோள்வரை வலி ஏறியது. அரை மணி நேரம் கழுவுதொட்டியைப் பிடித்தபடி நின்று, தின்றதையெல்லாம் திருப்பிக் கொடுத்த பிறகே அடங்கியது. மறுநாளும் அதே அழுத்தம், அதே மூக்கு. சிலருக்கு விக்கல் வருமாம், சிலருக்குத் தும்மல். நமக்கு மூக்கில்தான் எழுதியிருந்தது.

அடையாளத்துக்கும் வலிக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு கவளம். அறுவைக்கு முன்பும் அந்த இடைவெளி இருக்கத்தான் செய்தது. ஆனால் அது ஒரு வயல்வெளி போல் பரந்திருந்தது. தேவைக்குமேல் ஒரு மணி நேரம் உண்டாலும் தண்டனை வராது. வந்தாலும் பத்தாண்டு கழித்து மூட்டிலும் இரத்தத்திலும் வரும். இப்போது வயல்வெளி ஒரு வரப்பாகச் சுருங்கிவிட்டது. மூக்கில் நீர் வந்த பிறகு கை என்ன செய்கிறது என்று கவனிக்கத் தொடங்கினோம். கை போகிறது! வலி வரும் என்று அறிந்தும் போகிறது. நேற்றுத் துன்பப்பட்டது நினைவிருந்தும் போகிறது. வயிறு கேட்கவில்லை, அது வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அப்படியானால் கேட்டது யார்? ஒழுக்கத்தைப் பற்றி நாம் படித்த நூல்கள் எவற்றையும்விட, தட்டுக்கும் வாய்க்கும் இடையே அந்தரத்தில் நின்ற அந்தக் கையே நம்மை அதிகமாகச் சிந்திக்க வைத்தது.

பழைய ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழினுள் ஒன்றாகப் 'போசனப்பிரியம்' வரும்; அதற்கு எதிரான புண்ணியம் 'மட்டசனம்'. சிறுவயதில் மனப்பாடமாக ஒப்புவித்த சொற்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பொய், கோபம், சோம்பல் என்று சொல்லிவந்த நாம், போசனப்பிரியத்தை ஒருமுறையும் சொன்னதில்லை. நம் ஊரில் அதை யாரும் பாவமாக எண்ணுவதும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறவன் நல்ல மனசுக்காரன் என்றே பெயர் பெறுவான்.

ஆனால் அது நம் பாவமா, நம் நோயா? இங்கே அறிவியல் குறுக்கிடுகிறது. 1912-இல் வால்ட்டர் கேனன் என்னும் உடலியல் அறிஞரின் ஆய்வில், வாஷ்பர்ன் என்ற அவருடைய மாணவர் ஒரு பலூனை விழுங்கி, பசிக் குறுகுறுப்பும் இரைப்பையின் சுருக்கமும் ஒரே நேரத்தில் நிகழ்வதைக் காட்டினார். பசி என்பது வயிற்றின் அசைவு மட்டுமே என்று அதன்பின் பலர் கருதினர். கதை அத்தனை எளிதல்ல என்பது பின்னர் தெரிந்தது. நிறைவைத் தெரிவிக்கும் லெப்டின் என்னும் சுரப்பு 1994-இலும், பசியைத் தூண்டும் கிரெலின் 1999-இலும் கண்டறியப்பட்டன. கிரெலின் பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேற்புடைப்பில். நம்மிடமிருந்து வெட்டி எடுத்த பகுதியில் அதுவும் சேர்ந்தது. இரைப்பைச் சுவர் விரியும்போது அச்செய்தியை வேகஸ் நரம்பு மூளைக்கு எடுத்துச் செல்கிறது. குடலிலிருந்து வேறு சுரப்புகள் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்கின்றன. இச்செய்திகள் எல்லோரிடத்திலும் ஒரே வலிமையில் ஒலிப்பதில்லை. ஒருவருக்கு முரசாக ஒலிப்பது மற்றொருவருக்கு அடுத்த தெருவில் அடிக்கும் மணியாக இருக்கலாம். பிறவியிலேயே உரத்த பசியும் மெலிந்த நிறைவும் பெற்றவனைப் பார்த்து 'வாயைக் கட்டு' என்பது அநீதி.

இதை அறிந்தபோது ஒரு விடுதலையும் கூடவே ஒரு வருத்தமும் உண்டாயின. நம் குற்றம் பாதி கழிந்தது, சரி. ஆனால் நம் நற்குணமும் அதே கணக்கில் கழிந்தது. அறுவைக்குப் பின் ஒரு திருமண விருந்தில் இரண்டு கரண்டி உண்டு எழுந்தபோது, நம் பழைய நண்பர் ஒருவர், "என்ன கட்டுப்பாடு!" என்று பலர் கேட்க வியந்தார். கட்டுப்பாடு ஏது? பானை சிறிதாகிவிட்டது, அவ்வளவுதான். அந்தப் புகழை மறுக்காமல் புன்னகையோடு ஏற்றுக்கொண்டது பிறர் பொருளை எடுத்து மடியில் கட்டியதற்கு ஒப்பாகும். 'இதெல்லாம் குறுக்கு வழி' என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களும் உண்டு. குறுக்கு வழி என்போர் அந்த வழியில் ஒரு வாரம் நடந்து பார்க்கட்டும் என்பதற்குமேல் அவர்களுக்கு விடை இல்லை.

திருச்சபைத் தந்தையர் இச்சிக்கலை அறியாதவர் அல்லர். புனித அகுஸ்தினார் தம் ஒப்புதல்கள் நூலின் பத்தாம் பகுதியில் உணவைப் பற்றி நேர்மையாக எழுதுகிறார். மருந்தை உட்கொள்வது போல் உணவை உட்கொள்ள வேண்டும் என்று அவர் கற்றிருந்தார். ஆனால் பசியின் துன்பத்திலிருந்து நிறைவின் அமைதிக்குக் கடந்து செல்லும் வழியிலேயே இச்சையின் கண்ணி விரிக்கப்பட்டிருப்பதைக் கண்டார். கேட்பது உடலின் தேவையா, இச்சையின் தந்திரமா என்று பல வேளைகளில் தெரிவதில்லை என்றும், அந்தத் தெளிவின்மையே மனத்துக்கு மகிழ்ச்சி தருகிறது, ஏனெனில் அதன் நிழலில் ஒளிந்துகொள்ளலாம் என்றும் அவர் சொல்லும் இடத்தில் நாம் நூலை மூடிவைத்துவிட்டோம். தட்டுக்கும் வாய்க்கும் இடையே நின்ற கையை அவர் பார்த்துவிட்டார் என்றே தோன்றியது.

பெரிய கிரகோரியாரோ போசனப்பிரியத்தை ஐந்து வழிகளாகப் பிரித்தார்: வேளைக்கு முன் உண்பது, விலையுயர்ந்ததை நாடுவது, மிகுந்த பக்குவம் தேடுவது, அளவுக்கு மீறுவது, பேராவலோடு உண்பது. ஐந்தில் அளவு ஒன்றே ஒன்றுதான். கடைசி வழிக்கு அவர் காட்டும் சான்று, பயற்றங்கூழுக்காகத் தலைமகனுரிமையை விற்ற ஏசா. கூழ் எளிய உணவு; ஒரு கிண்ணம் அதிகமும் அன்று. ஆவலே அங்கே குற்றம். இதை எழுதிய கிரகோரியாரின் வயிறு எப்படிப்பட்டது தெரியுமோ? அடிக்கடி உணவு கொள்ளாவிட்டால் மயங்கிவிடும் அளவுக்கு நோயுற்ற வயிறு. பாஸ்காவுக்கு முந்திய சனிக்கிழமை சிறுவர்கள்கூட நோன்பிருக்கும்போது தம்மால் முடியவில்லையே என்று வருந்தி, தம் மடத்தில் வாழ்ந்த எலூத்தேரியுஸ் என்னும் துறவியை வேண்டச் சொன்னதாகவும், அன்று வயிற்றின் நினைவே வராமல் மாலைவரை இருக்க முடிந்ததாகவும் தம் உரையாடல்கள் நூலில் அவரே சொல்கிறார். உண்ணாமையைப் புகழ வேண்டிய இடத்தில் இருந்தவர், உண்ணாமல் இருக்க முடியாத உடலில் வாழ்ந்தார். அதனால்தானோ என்னவோ, அவர் எடையையும் அளவையும் விட்டுவிட்டு உள்ளத்தின் வேகத்தைப் பார்த்தார். புனித ஆசீர்வாதப்பரும் தம் சபை ஒழுங்கில், பிறருடைய உணவுக்கு அளவு வகுக்கத் தமக்குத் தயக்கமாக இருப்பதை மறைக்கவில்லை.

ஆயினும் நம் கதையில் சுரப்பும் இச்சையும் மட்டும் இல்லை. நம் தாயும் இருக்கிறார். 1960-களின் நடுவில் நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமைக் குருணையும் பால்மாவும் பங்குக் கோவில்களில் கொடுக்கப்பட்ட காலம். ஆறு பிள்ளைகளுக்கு அம்மா அளந்து போடுவார். வட்டிலில் ஒரு பருக்கை மீந்தாலும் அது கடவுளுக்கு எதிரான செயல். "வழிச்சுச் சாப்பிடுல, எத்தனை பேரு இதுக்கு அழுதுட்டு நிக்கான் தெரியுமா?" என்பார். தமக்கு மிச்சம் இருந்ததா என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. 'போதும்' என்பதை நமக்குச் சொன்னது வயிறு அல்ல, வெறும் வட்டில். வட்டில் வெறுமையானால் எழுந்திருக்கலாம். பின்னாளில் ஆசிரியர் வேலை கிடைத்து, வட்டில் பெரிதாகி, கறியும் மீனும் வாரம் மூன்று நாள் என்றான பிறகும் அந்த விதி மாறவில்லை. வறுமையில் புண்ணியமாக இருந்த ஒன்று வசதியில் என்னவாயிற்று என்பதை நம் முழங்கால்கள் சொல்லும். அம்மாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை, வரவும் கூடாது.

உணவு உண்டதன் நினைவும் நிறைவின் ஒரு பகுதி என்பர். 1998-இல் பால் ரோசினும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு மறக்கத்தக்கதல்ல. மூளைப் பாதிப்பால் எதையும் சில நிமிடங்களுக்குமேல் நினைவில் வைக்க முடியாத இருவருக்கு மதிய உணவு கொடுத்தார்கள். உண்டு சிறிது நேரம் கழித்து மீண்டும் ஓர் உணவை வைத்தபோது, முதல் முறை போலவே உண்டார்கள். மூன்றாவதையும் பெரும்பாலும் தொடங்கினார்கள். வயிறு நிறைந்திருந்தது, நிறைந்ததை அறிந்தவர்தாம் இல்லை. தொலைக்காட்சிக்கு எதிரே அமர்ந்து, தட்டு எப்போது காலியானது என்று தெரியாமல் எழும் நாம் அவர்களைவிட எவ்வளவு மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

இவ்வெண்ணங்களோடு யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை ஒருநாள் திருப்பலியில் கேட்டோம். ஐயாயிரம் ஆண்கள், ஐந்து வாற்கோதுமை அப்பங்கள், இரண்டு மீன்கள். எத்தனையோ முறை கேட்ட பகுதி. அன்று காதில் விழுந்தது வேறு: அவர்கள் வயிறார உண்ட பின்னரும் அப்பம் இருந்தது. பன்னிரண்டு கூடை நிறைய இருந்தது. அப்பம் தீர்ந்ததால் அவர்கள் நிறுத்தவில்லை, நிறைந்ததால் நிறுத்தினார்கள். மீந்ததை ஆண்டவர் வீணாக்கவும் விடவில்லை, இன்னும் உண்ணுங்கள் என்று அவர்கள் வாயில் திணிக்கவும் இல்லை. எடுத்து வைக்கச் சொன்னார். அம்மாவுக்கும் மருத்துவமனை இளம்பெண்ணுக்கும் நடுவே ஓராண்டாக நமக்குள் நடந்த வழக்கு அந்தக் கூடைகளில் போய் அமர்ந்தது. அன்று முதல் நம் வீட்டில் மூடியுள்ள ஒரு சிறு கிண்ணம் சாப்பாட்டு மேசையிலேயே இருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மூன்றாம் ஆண்டில் பசி மெல்லத் திரும்பியது. வரப்பு சற்றே அகன்று, இரண்டு மூன்று கவளம் இடம் கொடுத்தது. மூக்கின் அறிவிப்பும் முன்போல் உரக்க இல்லை. மருத்துவர்கள் இதை முன்பே சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்ன இன்னொன்றை நாம் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டோம்: சில பண்டங்கள் காவலில் சிக்குவதில்லை. மீனும் சோறும் நின்று நெஞ்சை அழுத்தும். பாயசமும் ஐஸ்கிரீமும், எச்சிலில் கரையும் பிஸ்கட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அழுத்தமில்லை, மூக்கில் நீரில்லை. வாசலில் காவலாளை நிறுத்திவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்தது போலாயிற்று. இரவு பத்து மணிக்கு, வீட்டார் உறங்கிய பின், குளிர்பெட்டியின் வெளிச்சத்தில் கரண்டியோடு நின்றவனின் வயிறு முற்றிலும் குற்றமற்றது. அங்கே கிரெலினையும் லெப்டினையும் சாட்சிக்கு அழைக்க நமக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த தவக்காலத்தில் பங்குத்தந்தையிடம் போனோம். ஒருசந்தி நாளில் முழு உணவு ஒரு வேளை, மற்ற இரு வேளையும் சேர்ந்து அதற்குக் குறைவாக என்பது ஒழுங்கு. நமது சாதாரண நாளே அதைவிடச் சிறியது. வயதாலும் நோயாலும் திருச்சபை நம்மை அந்தக் கடமையிலிருந்து விலக்கியும் விட்டது. ஆயினும் வெறுங்கையோடு தவக்காலத்தைக் கடக்க மனமில்லை என்று சொல்லி, குளிர்பெட்டிக் கதையையும் சேர்த்துச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "அந்தக் கதவை நாப்பது நாளைக்குப் பூட்டிப் பாருங்க சார். சோத்தைத் தொட வேண்டாம், அதை டாக்டர் பாத்துக்குவார்" என்றார். முப்பத்தொன்றாம் நாள் தோற்றோம். மறுநாள் மீண்டும் தொடங்கினோம்.

நம் ஊர்த் திருவிழாவின் கடைசி நாளில் புனித அந்தோணியார் அசனம் உண்டு. நேர்ச்சையாக வந்த ஆடுகளும் அரிசியும் பெரிய அண்டாக்களில் வேகும். எந்த ஊர், எந்தச் சமயம் என்று கேளாமல் வந்தவர் அனைவருக்கும் இலை போடுவார்கள். அங்கே பரிமாறுகிற மகளிரில் நம் மூத்த அக்காவும் ஒருவர், எழுபது வயது. அறுவைக்குப் பின் வந்த முதல் அசனத்தில், அவர் அன்போடு கொட்டிய சோற்றில் முக்கால்வாசியை நாம் இலையிலேயே விட்டு எழுந்தபோது, அவர் கண் கலங்கிவிட்டது. அந்தோணியார் சோற்றை விட்டு எழுகிறான், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தாராம். அன்று இரவு அவர் அருகில் உட்கார்ந்து, அழுத்தத்தையும் மூக்கையும் விளக்கிச் சொன்னோம். "மூக்குலயா?" என்று இரண்டு தடவை கேட்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

சென்ற ஆண்டு அசனத்தில் நம் பக்கத்து இலையில் கட்டட வேலை செய்யும் இளைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார். மூன்றாம் முறை சோறு கேட்டு வாங்கி, குழம்பை அணைகட்டி உண்ட அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. நமக்கு அக்கா ஒரு சிறு கரண்டிச் சோறும் நாலு துண்டுக் கறியும் வைத்து, மேலே கொஞ்சம் ரசம் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். திரும்பி வருகையில் நம் முகத்தைப் பார்த்தார். நாம் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

"ஏய், தம்பிக்கு மூக்கு ஒழுகிட்டு. இனி அவனுக்கு வைக்காதிய" என்று வாளி தூக்கிவந்த பையன்களுக்கு உரத்த குரலில் சொன்னார். பந்தி முழுவதும் நம்மைத் திரும்பிப் பார்த்தது.

உண்மையில் அது ரசத்தின் மிளகு செய்த வேலை. நெஞ்சில் அழுத்தம் இல்லை. இன்னும் இரண்டு கவளத்துக்கு உள்ளே இடம் இருந்தது. நாம் ஒன்றும் சொல்லாமல் இலையை மூடினோம்.